பாடசாலைகளில் படிநிலை ஆதரவு: மூன்று அடுக்குகளும் யாழ்ப்பாணத்து வகுப்பறைகளும்

கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘படிநிலை ஆதரவு’, ‘இரண்டாம் அடுக்குத் தலையீடு’ போன்ற தொடர்களும் கூடவே வருகின்றன. கேட்பவர்களில் ஒரு சாரார் இதனைப் பின்தங்கிய பிள்ளைகளுக்கான பழைய பரிகாரக் கற்பித்தலுக்கு இடப்பட்ட புதுப் பெயர் என்று ஒதுக்கிவிடுகின்றனர். கெட்டிக்காரப் பிள்ளைகளையும் மெல்லக் கற்கும் பிள்ளைகளையும் வெவ்வேறு வகுப்புகளில் இருத்தும் ஏற்பாடு என்று மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். இரண்டும் தவறான விளக்கங்களே. ஆயினும் இரண்டுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அரைகுறையாகச் செய்தால் இந்த முறை அந்த இரண்டில் ஒன்றாகத்தான் போய் முடியும். ஆகவே இது என்ன, எங்கிருந்து வந்தது, எதனால் இயங்குகிறது, யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் எந்த இடத்தில் தடக்கும் என்பவற்றை அடியிலிருந்து பார்ப்பது பயன்தரும்.

அடிப்படை எண்ணம்

இந்த முறையின் வேர் கல்வியில் அல்ல, பொதுச் சுகாதாரத்தில் இருக்கிறது. நோய்த் தடுப்பை முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை என வகுக்கும் சிந்தனையை ஜெரல்ட் கப்லன் என்ற உளமருத்துவர் 1964இல் உளநலத் துறைக்குப் பொருத்தி எழுதினார். கல்வியாளர்கள் பிற்பாடு அதனை வகுப்பறைக்கு எடுத்துவந்தனர். யாழ்ப்பாணத்தில் மாரி மழை தொடங்கியதும் டெங்குவுக்கு எதிராக நடப்பவற்றை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். எல்லா வளவுகளிலும் நீர் தேங்காமல் பார்ப்பது முதல்நிலை. காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளைத் தேடிச் சோதிப்பது இரண்டாம்நிலை. நோயாளியை வைத்தியசாலை விடுதியில் வைத்துப் பராமரிப்பது மூன்றாம்நிலை. மூன்றும் ஒரே வேளையில் நடக்க வேண்டியவை. வளவுகள் துப்புரவாகாவிட்டால் எத்தனை கட்டில்கள் போட்டாலும் விடுதி போதாது.

பாடசாலையில் இதன் வடிவம் பின்வருமாறு அமையும்:

1. முதலாம் அடுக்கு: வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பாசிரியர் வழங்கும் தரமான நாளாந்தக் கற்பித்தல். ஆண்டுக்குச் சில தடவைகள் எல்லாருக்கும் நடத்தும் குறுகிய கண்டறிதற் சோதனையும் இதனுள் அடங்கும்.

2. இரண்டாம் அடுக்கு: அந்தச் சோதனையில் பின்தங்கியோராகத் தெரியவந்த பிள்ளைகளுக்கு, மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட சிறு குழுவில், வாரத்தில் மூன்று நாளுக்குக் குறையாமல், ஏறத்தாழ அரை மணி நேரம் கொடுக்கப்படும் மேலதிகக் கற்பித்தல். இது எட்டு முதல் பதினைந்து வாரங்கள் வரை நீடிக்கும், முடிவில்லாமல் இழுபடாது.

3. மூன்றாம் அடுக்கு: இரண்டாம் அடுக்கிலும் முன்னேறாத ஒருசில பிள்ளைகளுக்கு நாள்தோறும், தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ, அந்தப் பிள்ளையின் பிழைகளை ஆராய்ந்து அமைக்கும் செறிவான உதவி.

நன்றாக இயங்கும் பாடசாலையில் நூறு பிள்ளைகளுள் எண்பது பேருக்கு முதலாம் அடுக்கே போதும், பதினைந்து பேருக்கு இரண்டாம் அடுக்கும், ஐந்து பேருக்கு மூன்றாம் அடுக்கும் தேவைப்படும் என்பது நூல்களில் வழமையாகக் காணப்படும் கணக்கு. இது ஒரு திட்டமிடல் உத்தேசம் மட்டுமே, இயற்கை விதியன்று.

இங்கே இரண்டு நுணுக்கங்களைத் தவறவிட்டால் முழு ஏற்பாடும் கோணலாகிவிடும். முதலாவது, அடுக்கு என்பது ஆதரவின் அளவைக் குறிக்கிறதே தவிரப் பிள்ளையின் வகையைக் குறிப்பதில்லை. வாசிப்பில் மூன்றாம் அடுக்கு உதவி பெறும் பிள்ளை கணிதத்தில் வகுப்பின் முன்வரிசையில் நிற்கக்கூடும். ‘இரண்டாம் அடுக்குப் பிள்ளை’ என்று பதிவேட்டில் எழுதுவதே பிழையான தொடக்கம். இரண்டாவது, மேல் அடுக்குகள் முதலாம் அடுக்கின் மேல் கூட்டப்படுபவை. அதற்குப் பதிலாக வைக்கப்படுபவை அல்ல. தமிழ்ப் பாடவேளையில் பிள்ளையை வெளியே அழைத்து வேறிடத்தில் தமிழ் கற்பித்தால் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த மொத்த நேரம் கூடவில்லை.

எங்கிருந்து வந்தது

ஐக்கிய அமெரிக்காவில் 1975இல் நிறைவேறிய சட்டம் ஒன்று மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பொதுப் பாடசாலைகளில் கல்வி உரிமையை உறுதிப்படுத்தியது. ‘கற்றல் குறைபாடு’ உள்ள பிள்ளை யார் என்பதை அறிய அங்கே நெடுங்காலம் கையாளப்பட்ட வழி, நுண்ணறிவுச் சோதனைப் புள்ளிக்கும் பாட அடைவுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதாகும். ஆறு வயதுப் பிள்ளையிடம் அத்தகைய இடைவெளி தோன்ற வழியில்லை. மூன்றாம் நான்காம் வகுப்புவரை தோற்றுத் தோற்று வந்த பிறகே இடைவெளி போதுமான அளவுக்கு விரியும். உதவி பெறுவதற்குப் பிள்ளை முதலில் தோற்றாக வேண்டும் என்ற இந்த விபரீதமே மாற்றத்துக்கு வித்திட்டது. 2004இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, ஆய்வின் அடிப்படையிலான கற்பித்தலுக்குப் பிள்ளை எப்படித் துலங்குகிறது என்பதைப் பார்த்தும் முடிவெடுக்கலாம் என்ற வழி திறக்கப்பட்டது. 2015இன் கல்விச் சட்டம் பல்லடுக்கு ஆதரவு முறைக்கு வரைவிலக்கணமே கொடுத்தது.

பின்லாந்து 2011 முதல் பொது ஆதரவு, செறிவான ஆதரவு, விசேட ஆதரவு என்ற மூன்று படிகளைச் சட்டத்தில் வைத்திருந்தது. 2025 ஓகஸ்ட் முதல் அந்த அமைப்பைக் கைவிட்டு, குழுக்களுக்கான ஆதரவு, தனி மாணவருக்கான ஆதரவு என்று எளிமைப்படுத்தியிருக்கிறது. ஆசிரியர் தலையில் ஏறிய ஆவணச் சுமையைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. படிவங்களில் ஏற்கெனவே மூழ்கியிருக்கும் எமது ஆசிரியர்கள் இதனைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

நமக்குக் கிட்டிய அனுபவம் இந்தியாவினுடையது. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளை, பதினைந்து முதல் இருபது பேர் கொண்ட குழுக்களாக, பாடசாலை நேரத்திலேயே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வெளியே அழைத்து, அந்தந்த ஊரைச் சேர்ந்த இளம்பெண்கள் அடிப்படை வாசிப்பையும் எண்ணையும் கற்பித்தனர். பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு நடத்திய இந்தத் திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் எழுமாறாகத் தெரிவுசெய்த பாடசாலைகளில் அளந்து பார்த்தனர். பயன் மிகப் பெரும்பாலும் அடிமட்டத்தில் நின்ற பிள்ளைகளிடமே தென்பட்டது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. இவை மூன்றடுக்கு முறையின் நேர் வடிவங்கள் அல்ல. ஆனால் பிள்ளை இருக்கும் வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்துத் தொடங்குதல் என்ற அடிப்படை ஒன்றே.

இயந்திரம் எது? சிறிய, அடிக்கடியான அளவீடு

பழைய பரிகாரக் கற்பித்தலையும் இந்த முறையையும் பிரிக்கும் கோடு அளவீடுதான். தவணைப் பரீட்சைப் புள்ளி இதற்கு உதவாது. தரம் 4 மாணவி ஒருத்தி தமிழில் 31 புள்ளி எடுத்தாள் என்பது, அவளுக்கு எழுத்துத் தெரியாதா, எழுத்துத் தெரிந்தும் வாசிப்பு மெதுவா, வாசித்தும் விளங்கவில்லையா என்ற எதையும் சொல்வதில்லை. அத்துடன் அந்தப் புள்ளி கைக்கு வரும்போது தவணையே முடிந்திருக்கும்.

இதற்கு மாற்றாக மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி டீனோவும் அவருடன் பணியாற்றியோரும் 1970களின் பிற்பகுதியிலிருந்து உருவாக்கிய வழி வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. பிள்ளை முன்பின் காணாத, வகுப்பு மட்டத்துப் பந்தி ஒன்றை உரத்து வாசிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறது என்று எண்ணுவதே அது. ஒரு நிமிட வாசிப்பு முழு வாசிப்புத் திறனுக்கும் நம்பத்தக்க அறிகுறியாக இருப்பதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டின.

இதனைத் தமிழுக்கு எடுத்துவரும்போது கண்ணை மூடிக்கொண்டு பெயர்க்க முடியாது. ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக நிற்பது தமிழில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரே சொல்லாகிவிடும். ஆகையால் தமிழில் சொற்களை எண்ணுவதைவிட எழுத்துகளை எண்ணுவதே நியாயமான அளவு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் இருந்தாலும், பிள்ளை உண்மையில் கற்க வேண்டியவை உயிரும் மெய்யும் உயிர்க்குறிகளும்தான். இடறுமிடங்களும் பெரும்பாலும் அவற்றிலேயே இருக்கின்றன:

1. எழுத்துக்கு முன்னே எழுதப்பட்டுப் பின்னே ஒலிக்கப்படும் கொம்புகள். ‘கொடி’ என்பதில் கொம்பு, ககரம், கால் என்ற மூன்று வடிவங்களையும் ஒரே ஒலியாகச் சேர்க்கத் தெரியாத பிள்ளை, ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்துத் திணறும்.

2. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள குறில் நெடில் வேறுபாடு. ‘செடி’யும் ‘சேடி’யும் ஒன்றாக ஒலித்தால் பிள்ளைக்குக் கண் பிழைத்ததா, விதி தெரியாதா என்று பிரித்தறிய வேண்டும்.

3. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று சொல்வதெழுதலில் எழுதும் பிள்ளை தான் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது. இதனை வாசிப்புக் குறைபாட்டின் அறிகுறியாகக் கொள்வது தவறு.

4. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம். தடங்கலின்றி வாசித்துவிட்டு, ‘என்ன வாசித்தாய்?’ என்றால் விழிக்கும் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. எழுத்துநடையை நிறையக் கேட்கும் வாய்ப்பே தேவை.

கணிதத்திலும் இப்படித்தான். 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதும் பிள்ளை கவனமின்றிச் செய்யவில்லை. ஒவ்வொரு நிரலிலும் சிறியதைப் பெரியதிலிருந்து கழித்திருக்கிறது: ஐந்தில் மூன்று போக இரண்டு, எட்டில் இரண்டு போக ஆறு. அந்தப் பிள்ளைக்கு இடப்பெறுமானம் விளங்கவில்லை. இன்னும் நூறு கழித்தற் கணக்குக் கொடுத்தால் அதே பிழையை நூறு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளும்.

அளவிட்ட பின் முடிவெடுக்கும் விதி வேண்டும். ஓர் உதாரணத்தைக் கொள்வோம். இரண்டாம் அடுக்கில் சேரும் பிள்ளை நிமிடத்துக்கு 30 எழுத்துகளைச் சரியாக வாசிக்கிறது. பன்னிரண்டு வாரங்களில் 78ஐ அடைய வேண்டும் என்று இலக்கு வைத்தால் வாரத்துக்கு நான்கு எழுத்து கூட வேண்டும். நான்காம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை எதிர்பார்த்தவை 46, 50, 54, 58. கிடைத்தவை 38, 39, 41, 40. தொடர்ந்து நான்கு அளவீடுகள் இலக்குக் கோட்டுக்குக் கீழே வீழ்ந்தால் கற்பிக்கும் முறையை மாற்றுக என்பது பரவலாகக் கையாளப்படும் விதி. இங்கே மாற்ற வேண்டியது முறையை. பிள்ளையைக் குறைசொல்வதற்கு இந்த விதியில் இடமே இல்லை. பன்னிரண்டு வாரமும் ஓடி முடிந்தபின், ‘கொடுத்துப் பார்த்தோம், சரிவரவில்லை’ என்று கைவிரிப்பதைத் தடுப்பதற்காகவே இடையில் இந்தத் தரிப்பு வைக்கப்பட்டிருக்கிறது.

எல்லாருக்குமான கண்டறிதற் சோதனையை ஆண்டுக்கு மூன்று தடவை நடத்துவது வழமை; எமது மூன்று தவணைகளுக்கும் அது தானாகவே பொருந்திவிடுகிறது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றாலும், ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடியும்.

முதலாம் அடுக்கு தளர்ந்தால்

மேற்சொன்ன முப்பது பேர் வகுப்பில் ஆறு பிள்ளைகள் பின்தங்கியிருந்தால் அது இரண்டாம் அடுக்குக்குரிய விடயம். பதினாறு பிள்ளைகள் பின்தங்கியிருந்தால் அப்படியன்று. பாதி வகுப்பைச் சிறு குழுக்களாக்கினால் நான்கு ஐந்து குழுக்கள் வரும். அவற்றைக் கற்பிக்க எந்தப் பாடசாலையிலும் ஆளில்லை. அந்த நிலையில் திருத்த வேண்டியது வகுப்பறைக் கற்பித்தலையே. பலரும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: மேலதிக வகுப்பு வைத்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும் செயல், காலையில் நடக்கும் பாடத்தை மாற்றினோம் என்பது எவர் கண்ணிலும் படாத செயல்.

இலங்கையின் ஆரம்பக் கல்வியில் இதற்கான அத்திவாரம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தம் தரம் 1, 2, தரம் 3, 4, தரம் 5 என மூன்று முதன்மை நிலைகளை வகுத்து, ஒவ்வொரு நிலையின் முடிவிலும் எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் எட்ட வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளைக் குறித்துக் கொடுத்தது. ஒரு முதன்மை நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் பிள்ளை எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் ஆசிரியர் கையில் உண்டு என்பதே இதன் பொருள். கண்டறிதற் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான அடிப்படையைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

ஆனால் நடைமுறையில் தரம் 3 தாண்டியதும் வகுப்பறையின் முகம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பக்கம் திரும்பிவிடுகிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடிய பிள்ளைகளைச் சுற்றியே பாடசாலையின் நேரமும் பெற்றோரின் பணமும் சுழல்கின்றன. தாண்டமாட்டாத பிள்ளை பயிற்சி வினாத்தாளைப் பார்த்தெழுதிக்கொண்டு கடைசி வாங்கில் ஆண்டைப் போக்குகிறது. வகுப்பேற்றம் ஏறத்தாழத் தானாகவே நடப்பதால், அந்தப் பிள்ளை எங்கும் தடுத்து நிறுத்தப்படுவதில்லை, எங்கும் தாங்கப்படுவதுமில்லை. தரம் 4, 5இல் நடக்கும் கற்பித்தலைச் சீராக்காமல் இரண்டாம் அடுக்கு பற்றிப் பேசுவது காரணத்தை விட்டுவிட்டு விளைவோடு மல்லுக்கட்டுவதாகும்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘எங்கடை பிள்ளைக்கு ரியூசன் இருக்குத்தானே’ என்று பெற்றோர் சொல்வதில், ரியூசனே இரண்டாம் அடுக்கு என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. தனியார் கல்வி நிலையத்தில் கிடைப்பது பெரும்பாலும் அதே பாடம், அதே வேகம், பாடசாலையைவிடப் பெரிய கூட்டம். பிள்ளை எந்த இடத்தில் தடக்கியது என்று பார்ப்பதற்கு அங்கே நேரமில்லை, அது அவர்களின் வேலையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டணம் செலுத்தக்கூடியவருக்கே அது திறந்திருக்கிறது.

எது தலையீடு, எது தலையீடு அல்ல

முன்வரிசையில் இருத்துவது, பெற்றோரை அழைத்துப் பேசுவது, அதே பாடத்தை இன்னும் உரத்துச் சொல்வது, மேலதிக வீட்டுவேலை கொடுப்பது ஆகியவை நல்ல நோக்கம் கொண்டவையாக இருக்கலாம். அவை தலையீடு அல்ல. தலையீடு என்று சொல்வதற்குக் குறைந்தது நான்கு விடயங்களுக்கு விடை இருக்க வேண்டும்: எந்தத் திறன், யார் கற்பிப்பார், வாரத்தில் எத்தனை நாள் எந்த நேரம், எந்த நாளில் எதைக் கொண்டு அளப்போம். ஒரு பக்கத்துக்குள் எழுதி முடிக்கக்கூடிய விடைகளே போதும். அதற்கு மேல் படிவம் நீண்டால் படிவமே வேலையாகிவிடும்.

தலையீடு நடந்தது என்பதற்காகப் பயன் விளைந்தது என்று கொள்ளவும் கூடாது. அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 146 பாடசாலைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான அரச ஆய்வொன்று இந்த முறையின் ஆதரவாளர்களையே திடுக்கிட வைத்தது. முதலாம் வகுப்பில் வெட்டுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றதால் தலையீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், கோட்டுக்குச் சற்று மேலே நின்ற பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். இரண்டாம் மூன்றாம் வகுப்புகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்த முடிவு கோட்டின் ஓரத்தில் நின்ற பிள்ளைகளைப் பற்றியது. மிகவும் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் உதவி வீண் என்று இது காட்டவில்லை. ஆனால் தேவையற்ற பிள்ளையைத் தேவையற்ற பயிற்சிக்கு அனுப்பினால், அல்லது வகுப்புப் பாடத்தை இழந்து மேலதிகப் பாடத்துக்குப் போனால், நட்டம் வரவும் கூடும் என்ற எச்சரிக்கையை அலட்சியம் செய்ய முடியாது. ஒரேயொரு சோதனையின் வெட்டுக்கோட்டை மட்டும் நம்பாமல், ஆசிரியரின் அவதானிப்பையும் இரண்டாவது அளவீட்டையும் சேர்த்துப் பார்ப்பது அதற்கான பாதுகாப்பு.

நேரமும் ஆளும்

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. பின்னேர வகுப்பு வைக்கலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை, அது பெரும்பாலும் நிலைப்பதில்லை. பிற்பகல் ரியூசனுக்குரியது, பசியோடு இருக்கும் பிள்ளைக்கு இரண்டு மணி வெயிலில் வாசிப்பு ஏறாது, பேருந்து தவறினால் பெண் பிள்ளைகளின் பெற்றோர் மறுநாள் அனுப்பமாட்டார்கள். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகில் போய்வரும் ஆசிரியரிடம் பின்னேரம் நில்லுங்கள் என்று கேட்பது கடலைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வதற்குச் சமம்.

எனவே நேரத்தை 1.30க்கு உள்ளேயே கண்டெடுக்க வேண்டும். ஆரம்பப் பிரிவில் இதற்குச் சாத்தியமான ஒழுங்கு, தரம் 3, 4, 5 ஆகிய மூன்றுக்கும் நாளில் ஒரே நேரத்தில் ஒரு பொது வாசிப்பு வேளையை நேரசூசியில் போடுவதாகும். அந்த அரை மணியில் பிள்ளைகள் தரத்தை மறந்து, தாம் நிற்கும் வாசிப்பு நிலைக்கேற்ற குழுவுக்குப் போவார்கள். வாசிக்கத் தெரிந்த பெருங்குழுவை ஓர் ஆசிரியர் நூலகத்தில் வைத்திருக்க, எஞ்சிய ஆசிரியர்கள் சிறு குழுக்களை எடுக்கலாம். புதிய பாடத்தை எவரும் இழப்பதில்லை. எல்லாரும் எங்கோ போவதால் ‘மொக்குப் பிள்ளைகளின் வகுப்பு’ என்ற முத்திரையும் விழுவதில்லை.

யாழ் மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களான யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகியவற்றுள் இந்த ஒழுங்கு எதிர்பாராத விதமாகச் சிறிய பாடசாலைகளுக்கே கூடுதலாகப் பொருந்தும். ஒரு தரத்தில் ஐந்தாறு பிள்ளைகளே உள்ள தீவகப் பாடசாலையில் தரங்களைச் சேர்த்துக் கற்பிப்பது ஏற்கெனவே நடக்கும் காரியம். நகரத்துப் பெரிய பாடசாலையில் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் குழு பிரிப்பதே பெரும்பாடு. ஆனால் சிறிய பாடசாலையின் இந்த வாய்ப்பு, ஆசிரியர் வெற்றிடம் நிரப்பப்பட்டிருந்தால் மட்டுமே கைகூடும்.

பாடசாலைகளில் இணைக்கப்பட்டுள்ள பட்டதாரி அபிவிருத்தி உத்தியோகத்தர்களை இந்தக் குழுக்களுக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. மும்பையில் கற்பித்த இளம்பெண்கள் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் அல்லர். குறுகிய பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் அவர்களுக்குக் கிடைத்தன. வலயத்தின் ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர் மாதத்துக்கு ஒரு தடவையாவது குழுவில் அமர்ந்து பார்த்தால் இங்கும் அது இயலும். இரண்டாம் அடுக்குக்கு இது போதும். மூன்றாம் அடுக்கை மட்டும் அனுபவம் குறைந்தவரிடம் ஒப்படைக்கக் கூடாது. மிகக் கடினமான பிள்ளைக்கு மிகத் தேர்ந்த ஆசிரியர் என்பது எளிதில் விட்டுக்கொடுக்க முடியாத விதி.

தரம் 6க்கு மேல்

2020 மார்ச்சில் கொவிட் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது முதலாம் தரத்தில் எழுத்துத் தொடங்கியிருந்த பிள்ளைகள் இப்போது இடைநிலைப் பிரிவில் இருக்கின்றனர். 2022இன் எரிபொருள் நெருக்கடியும் அவர்களின் ஆரம்ப வகுப்புகளையே குலைத்தது. இவர்களுள் வாசிப்புத் தடுமாறும் ஒருவர் தரம் 7இல் விஞ்ஞானம், வரலாறு, சமயம் எதிலும் தோற்பார். ஒவ்வொரு பாட ஆசிரியரும் தத்தம் பாடத்தில் இவர் மெல்லக் கற்பவர் என்று தனித்தனியே முடிவு கட்டுவர். வேர் ஒன்று என்பதை எவரும் காணமாட்டார்கள், ஏனெனில் இடைநிலையில் வாசிப்பைக் கற்பிப்பது எவருடைய பாடவேளையிலும் இல்லை. தரம் 6 நுழைவில் ஒரு வாரத்துக்குள் எல்லாப் பிள்ளைகளையும் வாசிக்கவைத்துக் கேட்பதே இங்கு முதல் வேலை. பதின்ம வயதினருக்குத் தரம் 2 பாடநூலைக் கையில் கொடுத்தால் அவமானம் தாங்காமல் வரவே நின்றுவிடுவர். பத்திரிகைச் செய்தி, விளையாட்டுக் குறிப்பு போன்ற, வயதுக்கு ஏற்ற எளிய பந்திகள் தேவை. 2016 முதல் கட்டாயக் கல்வி வயது 16 வரை நீடிக்கப்பட்டிருப்பதால், இந்தப் பிள்ளைகளை வைத்திருக்கும் பொறுப்பு பாடசாலைக்குச் சட்டப்படியும் உண்டு.

மூன்றாம் அடுக்கும் பரிந்துரையும்

மூன்றாம் அடுக்குக்குப் போகுமுன் கண்ணையும் காதையும் சோதிப்பது கட்டாயம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழமையாக 1, 4, 7, 10 ஆம் தரங்களில் நடைபெறுகிறது. தரம் 2இல் பார்வை மங்கத் தொடங்கிய பிள்ளை அடுத்த பரிசோதனை வரை கரும்பலகையைப் பார்க்காமலே இருக்கக்கூடும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதினால் தீரும் விடயம் இது.

மூன்றாம் அடுக்கு விசேட கல்வி அலகு அல்ல. அது பொது வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கான உதவி. அங்கேயும் முன்னேற்றம் மிக மெதுவாக இருந்தால், அல்லது வேறு அறிகுறிகள் தென்பட்டால், பெற்றோரின் சம்மதத்துடன் வைத்தியசாலையின் சிறுவர் சிகிச்சை நிலையத்துக்கோ உளநலப் பிரிவுக்கோ பரிந்துரைக்க வேண்டும். அதேவேளை, அடுக்குகள் எல்லாவற்றையும் ஏறி முடித்த பிறகே பரிந்துரை என்று கதவை மூடவும் கூடாது. அமெரிக்காவில் இந்தத் தவறு பரவலாக நடந்ததால், தலையீடு நடக்கிறது என்பதைக் காரணம் காட்டிப் பிள்ளையின் மதிப்பீட்டைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று கல்வித் திணைக்களம் 2011 ஜனவரியில் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கையே அனுப்ப நேர்ந்தது. பேச்சே வராத, அல்லது கேட்டல் குறைந்த பிள்ளைக்கு முதல் நாளிலேயே பரிந்துரை எழுதலாம்.

இந்த இடத்தில் இரண்டாம், மூன்றாம் அடுக்குகளில் சேர்ந்த தாள்கள் பெறுமதி பெறுகின்றன. ‘படிப்பில் பின்தங்கியுள்ளார்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு வரும் பிள்ளையிடம் வைத்தியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபது வார வாசிப்பு அளவீடுகளும், எந்தெந்தப் பிழைகள் எந்தெந்தப் பயிற்சிக்கு மாறின, எவை மாறவில்லை என்ற குறிப்பும் கையில் இருந்தால் நிலைமை வேறு. பிள்ளை வலயம் விட்டு வலயம் மாறினாலும் விடுகைப் பத்திரத்துடன் அந்தக் கோப்பும் போகலாம். பின்னாளில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும்போது, விசேட தேவையுடைய பரீட்சார்த்தி என்ற வகையில் மேலதிக நேரம் போன்ற சலுகையைப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோர நேர்ந்தால், மருத்துவச் சான்றிதழோடு இணைத்துக் காட்டுவதற்கு ஆரம்பப் பிரிவிலிருந்தே தொடரும் பாடசாலைப் பதிவு ஒன்று அப்போது இருக்கும்.